மறு: குளோரோசிஸ் – ‘பச்சைச்சோகை’ வேண்டாம், ‘வெளிறல்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

செடிநலக் கலைச்சொற்கள் பற்றிய நம் குழுவின் இழை முழுவதையும் படித்தேன். குளோரோசிஸுக்கு, அதாவது இலையில் பச்சை நிறம் குறைந்திருப்பதற்கு, இதுவரை பச்சைச்சோகை, மஞ்சள் நோய், பச்சைய இழப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுக்கும் என் ஓட்டு இல்லை. ‘வெளிறல்’ என்பதை முன்வைக்கிறேன். அதோடு, செடியில் எந்த இலை வெளிறியது என்று சொல்லும் ஒரு முன்னொட்டும் கட்டாயம் வேண்டும் என்கிறேன். வீட்டுச் செடிக்கு எதை ஊற்றுவது, எதை நிறுத்துவது என்பதே அந்த முன்னொட்டைப் பொறுத்து மாறும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> சோகை எல்லோருக்கும் தெரிந்த சொல். ரத்தத்தில் இரும்பு குறைந்தால் சோகை, இலையில் இரும்பு குறைந்தால் பச்சைச்சோகை. பொருத்தமாக இருக்கிறதே?

பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஐயா. இரும்புச்சத்துக் குறைவுக்கு மட்டும் பெயர் தேடுவதாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் நைட்ரஜன் குறைந்தாலும் இலை வெளிறும், மெக்னீசியம் குறைந்தாலும் வெளிறும். வீடுகளில் நாம் அதிகம் பார்ப்பது இவை எதுவுமே இல்லை, தொட்டியில் தண்ணீர் தேங்குவதுதான். மண்ணில் காற்று இல்லாமல் வேர் மூச்சுத் திணறும். சத்து இருந்தும் எடுக்க முடியாது. அடியிலைகள் வெளிறும், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். ‘சோகை’ என்று பெயர் வைத்தால் படிப்பவர் நேரே அன்னபேதி (இரும்புச் சல்பேட்) வாங்கப் போவார். வேர் அழுகிக்கொண்டிருக்கும் மணி பிளான்ட்டுக்கு அன்னபேதிக் கரைசல் என்பது இன்னும் ஒரு குவளைத் தண்ணீர், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. கரும்பு விளையும் ஊர்களில் சோகை என்றால் கரும்பின் இலை. சோகை உரிப்பது ஒரு தனி வேலை. அங்கே போய்ப் பச்சைச்சோகை என்றால் காயாத கரும்புத் தோகை என்றுதான் காதில் விழும்.

> மக்கள் வாயில் இருப்பது மஞ்சள் நோய்தான். அதையே எடுத்துக்கொள்ளலாமே.

இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். வெளிறல் நோய் அல்ல, அறிகுறி. உளுந்திலும் பாசிப்பயறிலும் வரும் மஞ்சள் தேமல் நோய் வைரஸால் வருவது, வெள்ளை ஈ பரப்புவது. அதற்குச் செடியைப் பிடுங்கி அழிப்பது சரி. அந்தப் பெயரை ஒத்த பெயர் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் பீஸ் லில்லிக்கு வந்தால், தண்ணீரைக் குறைத்தாலே பிழைக்கக்கூடிய செடி குப்பைக்குப் போகும், இல்லையென்றால் பூச்சிமருந்தில் குளிக்கும். தவிர, வெளிறிய இலை மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இளம்பச்சையோடு நிற்பதும் உண்டு, இரும்பு மிகவும் குறைந்தால் ஏறக்குறைய வெள்ளையாகவே போவதும் உண்டு.

‘பச்சைய இழப்பு’ பாடநூலுக்கு ஏற்ற சொல்தான். அதிலும் எனக்கு ஒரு தடை. இரும்பு பச்சையத்தின் உள்ளே இருக்கும் பொருள் அல்ல, அங்கே நடுவில் இருப்பது மெக்னீசியம். ஆனால் பச்சையம் உருவாவதற்கு இரும்பு வேண்டும். அது கிடைக்காத கொழுந்து பிறக்கும்போதே வெளிறித்தான் பிறக்கிறது. இல்லாத பச்சையை அது எப்படி இழக்கும்? இன்னொரு பக்கம், வயதான இலை உண்மையிலேயே பச்சையத்தை இழக்கிறது. அதைத் தமிழில் யாரும் நோய் என்று சொல்வதில்லை, ‘இலை பழுத்துவிட்டது’ என்கிறோம். பழுக்கும் இலையிலிருந்து நைட்ரஜனை இழுத்து மேலே அனுப்பிவிட்டுத்தான் செடி அதை உதிர்க்கிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டு அடியிலை பழுத்து, மேலே தளிர் நன்றாக வந்துகொண்டிருந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. பழுத்தல் வேறு, வெளிறல் வேறு. இந்த வேறுபாடு நம் பேச்சிலேயே இருக்கிறது, கலைச்சொல் அதைக் கலைத்துவிடக் கூடாது.

சரி, முன்னொட்டுக்கு வருகிறேன். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் ஒவ்வொரு பருவத்துக்கும் நம்மிடம் பெயர் உண்டு. செடிக்குள் நைட்ரஜன், மெக்னீசியம், பொட்டாசியம் மூன்றும் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும், அதனால் குறை முதலில் அடியில் தெரியும். இரும்பு அப்படி நகராது, அதனால் குறை தளிரில் தெரியும். ஆகவே ‘அடியிலை வெளிறல்’, ‘தளிர் வெளிறல்’ என்று இரண்டாகப் பிரித்தாலே நோயறிதலில் பாதி முடிந்துவிடும். நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் வெளிறினால் ‘நரம்பிடை வெளிறல்’. அடியிலையில் நரம்பிடை வெளிறல் என்றால் மெக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம், இலை முழுக்க ஒரே சீராக வெளிறினால் நைட்ரஜனை. எதற்கும் முன்னால் தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் செடியை மெல்ல உருவி வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் நல்லது. பழுப்பாகக் குழைந்து நாற்றம் அடித்தால் உரப் பேச்சே வேண்டாம்.

தளிர் வெளிறலுக்கு நல்ல எடுத்துக்காட்டு, சிமென்ட் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்த இட்லிப்பூச் செடி. அடியிலைகள் கரும்பச்சையாகவே இருக்கும். நுனியிலுள்ள நாலைந்து இலைகள் மட்டும் எலுமிச்சை நிறத்தில், நரம்பெல்லாம் பச்சை மையால் கோடு போட்டது மாதிரி தெரியும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுவரின் சுண்ணாம்பும் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரும் மண்ணைக் காரமாக்கிவிட, இரும்பு கரையாமல் கிடக்கிறது. இதற்கு எப்சம் உப்பு பயன்படாது, அதில் இருப்பது மெக்னீசியம். இங்கேதான் அன்னபேதிக்கு வேலை. நிலக்கடலைக்கு லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து இலையில் தெளிப்பது வழக்கம். தொட்டிச் செடிக்கு அதில் பாதி போதும், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது. நிலையான தீர்வு மக்கு உரமும் மழைநீரும், தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும்தான்.

எடியோலேஷனுக்கு, அதாவது வெளிச்சம் போதாமல் செடி நீண்டு வெளிறுவதற்கு, சொல் கேட்டிருந்தீர்கள், அம்மா. ‘இருட்டு வெளிறல்’ என்று வைக்கலாம். முளைப்பாரியை வெயில் படாத அறையில் வளர்ப்பதால்தான் பயிர் நெடுநெடுவென்று வெளிர்மஞ்சளாக நிற்கிறது. முளைப்பாரி எடுக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சன்னலிலிருந்து தூரத்தில் வைத்த செடி கணு நீண்டு, இலை சிறுத்து, வெளிறுவதும் இதே கதைதான்.

நேர் வெயில் பட்டு இலையில் காகிதம் போல வெண்திட்டு விழுவதை வெளிறல் என்று சொல்லக் கூடாது, அது ‘வெயில் வெளுப்பு’. வெளிறிய இலை பச்சைக்குத் திரும்பலாம், வெளுத்த திட்டு திரும்பாது.

நெக்ரோசிஸுக்கு, அதாவது இலையின் ஒரு பகுதி செத்துப்போவதற்கு, மருத்துவத்தில் வழங்கும் ‘நசிவு’ போதும். இயல்பிலேயே இலையில் பல நிறம் கொண்ட வேரிகேட்டட் வகைகளை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம், ‘பன்னிற இலை’ என்று தனியாக இருக்கட்டும்.

எனக்கு இன்னும் நிறைவு தராதது நுனி காய்வதற்கான சொல். ‘நுனிக்கருகல்’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். கருகல் என்பது பூஞ்சை, பாக்டீரியா நோய்களுக்கு வேளாண்துறையில் நிலைத்துவிட்ட சொல். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா இரண்டிலும் நுனி காய்வதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீரில் உள்ள உப்பும் ஃபுளூரைடும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நகரங்களில் ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. தரை துடைக்க அதை வைத்துக்கொள்ளலாம், டிரசீனாவுக்கு வேண்டாம். ‘கருகல்’ என்றால் இவர்கள் பூஞ்சைக்கொல்லி வாங்குவார்கள், தண்ணீரை மாற்ற மாட்டார்கள். ‘நுனிக்காய்வு’ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காய்வு என்றால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே நீரை இன்னும் ஊற்றிவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. ‘உப்புக்காய்வு’ என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாமா? நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் உங்கள் பக்கத்தில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால் முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

அன்புடன்.