புது ரோடு சைக்கிள், முதல் ஓட்டத்திலேயே இடது பெடலில் 'டக் டக்' சத்தம். இப்படியே திரும்பி ஓட்டலாமா?

வணக்கம். இரண்டு வருஷம் பணம் சேர்த்து, போன வியாழக்கிழமைதான் ரோடு சைக்கிள் வாங்கினேன். வளைந்த ஹேண்டில், பின்னால் 8 கியர், 700x25 டயர். இதுவரை சாதா சைக்கிள்தான் ஓட்டியிருக்கிறேன். இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பி, மோட்டார் வண்டிகள் வராத நேரம் என்பதால் கடற்கரைச் சாலையில் இரண்டு சுற்று பழகிவிட்டு, கடலூர் ரோட்டைப் பிடித்தேன். நோணாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது சுண்ணாம்பாற்றுக்கு மேலே வெளுத்துக்கொண்டிருந்தது, மூச்சே வாங்கவில்லை, இவ்வளவு லேசாக ஒரு சைக்கிள் போகும் என்று எனக்குத் தெரியாது.

கிருமாம்பாக்கம் தாண்டியதும் தொடங்கியது. இடது காலை அழுத்தும்போதெல்லாம் ஒரு 'டக்'. வலது காலில் இல்லை. முள்ளோடை வருவதற்குள் பெடலே காலுக்கடியில் ஆடுவது போல இருந்தது. மெதுவாக ஓட்டி மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா ஸ்பேனர் போட்டு இறுக்கினார், ஆனால் இறுக்க இறுக்க இன்னும் லூஸாகிறது! மரை போய்விட்டதா? சாயங்காலம் 20 கிலோமீட்டருக்கு மேல் திரும்பி ஓட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் செயின் ஏறத் தயங்குகிறது. இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
தம்பி, முதலில் அந்தப் பெடலோடு ஓட்டுவதை நிறுத்துங்கள், தெருமுனைக் கடைக்குக்கூட வேண்டாம். மாமா மேல் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். வழக்கமாக இறுக்குகிற பக்கம் திருப்பினால் அது கழலும். மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்று வராமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

எந்தப் பெடலானாலும் இப்படி நினைவு வையுங்கள்: ஸ்பேனரின் பிடி மேல் நோக்கி இருக்கும்படி மாட்டி, முன் சக்கரம் இருக்கும் பக்கம் தள்ளினால் இறுகும், பின் சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும். இரண்டு பெடலுக்கும் இதேதான்.

இப்போது அதை முழுதாகக் கழற்றிப் பாருங்கள். பெடலின் அச்சு இரும்பு, அது திருகியிருக்கும் கிராங்க் கை பெரும்பாலும் அலுமினியம், லூஸாக ஓட்டினால் இரும்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டிவரும். துணியால் இரண்டு பக்க மரையையும் துடைத்து, கிரீஸ் தடவி, கையாலேயே திருகிப் பாருங்கள். மூன்று நான்கு சுற்று விரலில் சுலபமாகப் போனால் மரை நன்றாக இருக்கிறது. கோணலாகப் பிடித்து மக்கர் செய்தால் ஸ்பேனரால் தள்ளவே தள்ளாதீர்கள், பஸ்ஸில் போய்விட்டுச் சைக்கிளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். என் முதல் கிராங்க் அப்படித்தான் போனது, ஒரே ஒரு நாள் அவசரத்தில்.

பதில் (லாஸ்பேட்டை):
பெடலுக்கு அண்ணன் சொன்னதுதான். கியர் பயப்படுகிற விஷயமே இல்லை, புது கேபிள் முதல் சில நாளில் கொஞ்சம் தொய்யும். பின் கியரில் கேபிள் உள்ளே போகும் இடத்தில் விரலால் திருப்புகிற மாதிரி ஒரு சின்னத் திருகு இருக்கும். பின்னாலிருந்து பார்த்து இடப்பக்கமாக அரைச் சுற்று, மாற்றிப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னொரு அரைச் சுற்று. மற்ற திருகுகளைத் தொட வேண்டாம்.

கை மரத்துப்போவது எனக்கும் முதல் மாதம் முழுக்க இருந்தது. முழங்கையை விறைப்பாக நீட்டாமல் கொஞ்சம் மடக்கி வையுங்கள், பிரேக் கொம்பின் மேல், ஹேண்டில் வளைவில், நடுக்கம்பியில் என்று அடிக்கடி பிடியை மாற்றுங்கள். சீட் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்பு எடை முழுக்க உள்ளங்கைக்கு வந்துவிடும், மட்டமாக வையுங்கள். டயரில் காற்று எவ்வளவு அடித்தீர்கள்?

கேட்டவர்:
டயரில் போட்டிருந்த அதிகபட்ச அளவுக்கே அடித்தேன். என் எடை 64 கிலோ.

பதில் (லாஸ்பேட்டை):
அது தாண்டக் கூடாத அளவு, அடிக்க வேண்டிய அளவு இல்லை. உங்கள் எடைக்கு 80 பிஎஸ்ஐ பக்கம் வைத்துப் பாருங்கள், ரோட்டின் அதிர்வு பாதி குறையும். வால்வின் நுனியில் இருக்கும் குட்டி நட்டைத் தளர்த்தி ஒருமுறை அழுத்திவிட்டுப் பம்ப் மாட்டுங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் போயிருந்தால் வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

கேட்டவர்:
கழற்றிவிட்டேன். மரையின் முதல் இரண்டு சுற்றில் வெள்ளி மாவு மாதிரி தூள் ஒட்டியிருந்தது, துணியில் சாம்பல் நிறமாக வந்தது. அதற்கு உள்ளே எல்லாம் கூர்மையாக, புதுசாகவே இருக்கிறது. விரலால் நான்கு சுற்று தடங்கலில்லாமல் போனது! இறுக்கியாகிவிட்டது. தெருவில் பத்து நிமிஷம் ஓட்டினேன், சத்தமே இல்லை.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
தப்பித்தீர்கள் தம்பி. ஸ்பேனரைக் கையோடு எடுத்துப் போங்கள். பாதி வழியில் இறங்கி ஒரு தடவை பிடித்துப் பாருங்கள், வீட்டுக்குப் போனதும் இன்னொரு தடவை. வலது பெடலையும்தான்.

கேட்டவர்:
இரவு ஏழு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். தவளக்குப்பத்தில் நிறுத்திப் பார்த்தேன், இடது பெடல் அசையவில்லை, வலதுதான் கால் சுற்று இறுகியது. கியர் ஒரே அரைச் சுற்றில் சரியாகிவிட்டது. விரல் நோணாங்குப்பம் வந்த பிறகுதான் லேசாக மரத்தது. மாமாவின் 15 எம்எம் ஸ்பேனர் என்னிடமே இருக்கிறது, அடுத்த ஞாயிறு அதைக் கொடுக்கிற சாக்கில் மறுபடி கடலூர் வருகிறேன்.