போல்டர் வீட்டு மிரட்டல் கடிதம்: கையெழுத்தை எவ்வளவு நம்பலாம்?

கொழிஞ்சாம்பாறையான்:
1996 டிசம்பர் 26 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில், ஆறு வயதுச் சிறுமி ஜான்பெனே ராம்சேயைக் கடத்திவிட்டதாகவும் 1,18,000 டாலர் தர வேண்டுமென்றும் மிரட்டும் கடிதம் வீட்டுப் படிக்கட்டில் கிடந்தது. அன்றே சிறுமியின் உடல் அதே வீட்டின் நிலவறையில் கிடைத்தது. ஏறக்குறைய இரண்டரைப் பக்கக் கடிதம், அந்த வீட்டுத் தாளில், அந்த வீட்டு மார்க்கர் பேனாவால் எழுதப்பட்டது. கேட்ட தொகையும் தந்தை பெற்றிருந்த போனஸை ஒட்டியே இருந்தது. தந்தை எழுதவில்லை என்று நிபுணர்கள் விலக்கிவிட்டார்கள். தாயை முழுமையாக விலக்க முடியவில்லை. தாய்தான் எழுதினார் என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

நகரி வாசகி:
ஐயா, தாளும் பேனாவும் கடிதம் எங்கே எழுதப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, எழுதிய கை யாருடையது என்பதைச் சொல்லாது. 2003இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி ஜூலி கார்ன்ஸ் ஓர் உரிமையியல் வழக்கில் அளித்த தீர்ப்பைப் படியுங்கள்: மூலக் கடிதத்தைப் பரிசோதித்த ஆறு நிபுணர்களில் ஒருவர்கூடத் தாய்தான் எழுதினார் என்று அடையாளம் காட்டவில்லை. அடித்துச் சொன்னவர்கள் நகலைப் பார்த்தவர்கள். தெலுங்கில் எழுதப் பழகிய பிறகு தமிழுக்கு வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். எழுத்தின் வளைவை உருட்டிப் போடுவது அவர்கள் எல்லோருக்கும் பொதுவான பழக்கம். அதை வைத்து ஒருவரைப் பிடிக்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறையான்:
நகலில் அழுத்தம் தெரியாது என்பீர்கள். மார்க்கர் பேனாவின் எழுத்தில் மூலத்திலேயே அழுத்தம் அதிகம் தெரியாது, அம்மா. நம் உச்ச நீதிமன்றம் 1980இல் முராரிலால் வழக்கில், கொலை நடந்த அறையில் கிடந்த இந்திக் குறிப்பை ஆராய்ந்து, நிபுணர் கருத்துக்குத் துணைச்சான்று இருந்தே தீர வேண்டும் என்று சட்டவிதி எதுவும் இல்லை என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி, உங்கள் ஆந்திரக்காரர்தான்.

நகரி வாசகி:
அதே தீர்ப்பு எச்சரிக்கையோடு அணுகவும், நிபுணர் சொல்லும் காரணங்களை எடை போடவும் சொல்கிறதே. 1977இல் மகன் பிஹாரிலால் (Magan Bihari Lal) வழக்கில், நிபுணர் கருத்தை மட்டுமே நம்பித் தண்டிப்பது பாதுகாப்பற்றது என்று அதே நீதிமன்றம் கூறியதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். போல்டரிலோ உங்களுக்கு ஆதரவாக நிபுணர் முடிவே இல்லை.

வேலந்தாவளம் ஆதாரம் (பத்திர) எழுத்தர்:
இருவரும் கடிதத்தின் நீளத்தை மறந்துவிட்டீர்கள். கையெழுத்தை மாற்றி எழுத முயல்பவர் முதல் சில வரிகளில் கவனமாக இருப்பார். போகப் போகச் சொந்தப் பழக்கம் தலைகாட்டத் தொடங்கும். ஆகவே முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் மாதிரியும் முக்கியம்: காவலர் முன் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததைவிட, சம்பவத்துக்கு முன்பு மளிகைச் சீட்டிலும் வாழ்த்து அட்டையிலும் எழுதியதே எழுதுபவரின் இயல்பான கை. கடிதத்தாள் கிழிக்கப்பட்ட அந்த வீட்டுக் குறிப்பேட்டில் தொடங்கிவிட்டுக் கைவிட்ட வரைவு ஒன்றும் இருந்தது, எழுதியவருக்கு அவசரமில்லை.

கொழிஞ்சாம்பாறையான்:
அந்த நிதானம் வீட்டாருக்கு மட்டுமே வாய்த்திருக்கும்.

நகரி வாசகி:
முந்தின நாள் மாலை குடும்பம் விருந்துக்குப் போயிருந்தது. ஆளில்லா வீட்டில் புகுந்த அந்நியனுக்கும் அந்த நிதானம் வாய்த்திருக்கலாம். 2008இல் அம்மாவட்ட அரசு வழக்கறிஞரே மரபணுச் சான்றைக் காட்டிக் குடும்பத்தைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தார்.

கொழிஞ்சாம்பாறையான்:
1999இல் பெருநடுவர் குழு (குற்றஞ்சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) பெற்றோர்மீது குற்றஞ்சாட்ட வாக்களித்ததும், அன்றைய அரசு வழக்கறிஞர் கையெழுத்திட மறுத்ததும் 2013இல் வெளியான ஆவணங்களில் இருக்கின்றன. அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

நகரி வாசகி:
சேர்த்தாயிற்று. அதிலும் கடிதத்தை எழுதியவர் யார் என்ற முடிவு இல்லை.