அன்று மாமாதான் ஜெயித்தார், ஆனால் தப்பு யாருடையது?

கிரென்கோ77:
மொரீஷியஸில் சைக்ளோன் எச்சரிக்கை 3-க்கு ஏறிய அன்று ரோஸ் ஹில்லில் மாமா வீட்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டு ஆடிய கமாண்டர் ஆட்டத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டம் தெரியாதவர்களுக்காக, கமாண்டர் அதில் ஒரு வகை: ஆளுக்கு 100 கார்டு, அடிப்படை நிலங்களைத் தவிர எதுவும் இரண்டு முறை வரக்கூடாது, 40 லைஃப், கடைசிவரை நிற்பவருக்கு வெற்றி. என் டெக்கின் தலைவன், அதாவது கமாண்டர், கிரென்கோ மாப் பாஸ். அவனை ஒருமுறை டேப் செய்தால், அதாவது கார்டைப் பக்கவாட்டில் திருப்பினால், என்னிடம் எத்தனை கோப்ளின் இருக்கிறதோ அத்தனை புதிதாக வரும், நாலு எட்டாகும், எட்டு பதினாறாகும். இப்படி ஒரு படையைக் கட்டி எழுப்பினால், எதிரில் அக்கா ப்ரொபகண்டாவை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் நான் 2 மானா கட்ட வேண்டும். மானா என்பது நிலக் கார்டுகளை டேப் செய்தால் கிடைக்கும் காசு மாதிரி. டேப் ஆன கிரென்கோவை விட்டால் என்னிடம் தாக்கக்கூடிய கோப்ளின் 15, அப்படியென்றால் 30 மானா. யாரால் முடியும்? கோட்டை டெக் ஆட்டத்தை நகரவிடாது, அவ்வளவுதான் என் வாதம்.

கோட்டைக்காரி:
தம்பி, கோட்டை நகரவிடாதது உன்னைத்தான், ஆட்டத்தை இல்லை. உன் எதிரிகள் மூன்று பேருக்கும் சேர்த்து 120 லைஃப். நீ ஒருவனைக் குறிவைத்து ஓடும்போது மற்ற இருவரும் கார்டு எடுத்துக்கொண்டே இருப்பார்கள், இருவர் ஆடும் மேஜிக்கில் இந்தக் கணக்கே கிடையாது. நாலு பேர் ஆட்டத்தில் முதலில் பெரிதாகத் தெரிகிறவன் மேல்தான் எல்லார் கண்ணும் விழும், அதனால்தான் நான் சின்னதாகத் தெரிகிற மாதிரி டெக் கட்டினேன். அப்புறம், கையில் ஒன்றும் மீதி வைக்காமல் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினாய் பார், அது உன் தப்பு. நான் 4 மானாவுக்கு ராத் ஆஃப் காட் போட்டதும் உன் ஆட்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். பதினாறில் பாதி இருந்திருந்தாலும் எனக்கு அதே ஒரு கார்டுதான் செலவு.

கிரென்கோ77:
பாதியை வைத்துக்கொள் என்று சொல்வது சுலபம் அக்கா. காத்திருந்தால் லாபம் உங்களுக்குத்தான். எனக்கு இருப்பது நேரம் ஒன்றுதான், ஆறாவது டர்னுக்குள் அடிக்கவில்லை என்றால் கோப்ளின் டெக் செத்தது. அதுவும் சிவப்பு நிறத்தில் ப்ரொபகண்டா மாதிரி மேசையில் தங்கும் மந்திரத்தை, அதாவது என்சான்ட்மென்டை, எடுக்க வழியே அநேகமாக இல்லை, கேயாஸ் வார்ப் ஒன்றுதான் வைத்திருக்கிறேன், அது வரவில்லை. சரி, நீங்கள் எப்படி ஜெயிப்பதாக இருந்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.

கோட்டைக்காரி:
அப்ரோச் ஆஃப் த செகண்ட் சன். முதல் தடவை போட்டால் 7 லைஃப் ஏறும், கார்டு டெக்கில் மேலிருந்து ஏழாவது இடத்துக்குப் போகும், அதை மறுபடி எடுத்துக் கையிலிருந்து போட்டால் ஜெயித்தேன். ஒருமுறை போட்டுவிட்டேன், இன்னும் மூன்று கார்டுதான் பாக்கி இருந்தது.

மோக்காமலை:
இரண்டு பேரும் பேசுகிறீர்கள், முதலில் வெளியே போனது நான். எனக்கு லைஃப் 29, தடுக்க ஒரு ஆள் கூட இல்லை. தம்பியிடம் கோப்ளின் சீஃப்டன் இருந்ததால் 15 பேரும் ஆளுக்கு 2 அடித்தார்கள், 30. கையில் என்ன இருந்தது தெரியுமா? ப்ளாஸ்ஃபமஸ் ஆக்ட், மேசையில் நிற்கும் கோப்ளின், மிருகம் எல்லா உயிரையும் அடிக்கும் கார்டு. அதன் விலை 9, ஆனால் மேசையில் இருக்கும் ஒவ்வொரு உயிருக்கும் ஒன்று குறையும், அத்தனை கோப்ளினுக்கும் சேர்த்து எனக்கு ஒரே ஒரு சிவப்பு மானாதான் ஆகியிருக்கும். சார்சரி என்பதால் என் டர்ன் வந்தால்தான் போட முடியும், அடுத்த டர்ன் என்னுடையது, அதற்குள் முடித்துவிட்டான். கரண்ட் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஜன்னல் படபடவென்று அடிக்க, இரண்டு மணி நேரம் காத்தோ பிமா (மிளகாய் வடை) தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன். தம்பி என்னைத் தேர்ந்தெடுத்ததுகூட எனக்குக் கோபமில்லை. அக்காவைத் தாக்க 30 மானா, மாமாவிடம் மூன்று பெரிய மிருகம் நிற்கிறது, வேறு யார் மேல் பாய்வான்? கோட்டை அடியை நிறுத்துவதில்லை, பக்கத்து வீட்டுக்குத் திருப்பி விடுகிறது. அக்கா அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோட்டைக்காரி:
ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. நான் ப்ரொபகண்டா இறக்கியபோது அது உங்கள் மேல் விழும் என்று யோசிக்கவில்லை. ஆனால் தம்பி உங்களை விட்டுவிட்டு மாமாவின் நிலங்களை எண்ணியிருக்க வேண்டும். பத்தைத் தாண்டியிருந்தது, நானும் எண்ணவில்லை.

கிரென்கோ77:
அது உண்மை. நீங்கள் ராத் போட்டீர்கள், மாமா இரண்டே மானாவுக்கு ஹீரோயிக் இன்டர்வென்ஷன் போட்டார், அவருடைய எதுவும் அழியவில்லை. என் பக்கம் காலி. செத்த கமாண்டரைத் திரும்ப இறக்க 2 கூடும், அதனால் கிரென்கோவுக்கு 4-க்குப் பதில் 6, அதைக் கட்டி இறக்கியதும் கையில் ஒன்றும் இல்லை. அடுத்த டர்னிலேயே மாமா என்னை முடித்தார்.

மோக்காமலை:
அதற்கடுத்த டர்ன் அக்காவை. மூன்று மிருகம், ஆளுக்கு 2, மொத்தம் 6 மானா, சாதாரணமாகக் கட்டினார். 15 பேருக்கு எதிராகக் கட்டிய கோட்டை 3 பேருக்கு எதிராகச் சும்மா.

கிரென்கோ77:
இம்பாக்ட் ட்ரெமர்ஸ் சேர்த்துவிட்டேன். கோப்ளின் ஒன்று இறங்கினால் எதிரிகள் எல்லாருக்கும் ஒரு டேமேஜ், அதைத் தாக்குதல் என்று சொல்ல முடியாது, ப்ரொபகண்டா ஒன்றும் செய்யாது. எட்டு பேர் ஒன்றாக வந்தால் ஆளுக்கு 8. அக்கா, உங்களுக்கும்தான்.

கோட்டைக்காரி:
வரட்டும். அதற்கு நான் போடும் மந்திரத்தை அப்போதே தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் சேர்க்கிறேன், இரண்டு மானாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

பச்சைமாமா:
இப்போதுதான் படித்தேன். ஹீரோயிக் இன்டர்வென்ஷன் நாலாவது டர்னிலிருந்து என் கையில் இருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு நிலத்தை டேப் செய்யாமல் விட்டேன், ஏன் என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் வாருங்கள். மோக்காவுக்கு முதல் டர்ன்.