புதுப்பிப்பு: கோத்தகிரி வரப்புச் சண்டை, தம்பி மீதான கொடுங்காய வழக்கு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 325) முடிந்தது

இந்த வழக்கில் என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: 2024 பிப்ரவரியில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் எங்கள் தேயிலை நாற்றுகளைப் பிடுங்கியெறிந்து, இறந்துபோன அம்மாவையும் இழுத்துப் பேசினார். தம்பி அந்த நொடியே வேலிக்கம்பால் அடித்ததில் அவர் முன்கை எலும்பு முறிந்தது. எலும்பு முறிந்தாலே சட்டத்தில் கொடுங்காயம்தான்.

‘325க்குப் பதிலாக அதே சட்டத்தின் 335ஆம் பிரிவைக் கேளுங்கள்’ என்று நீங்கள் சொன்ன யோசனைதான் பலித்தது. 325க்கு ஏழு ஆண்டு வரை சிறை. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலில் நடந்ததென்றால் 335, நான்கு ஆண்டு வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்குப் போய்க் கம்பு எடுத்து வந்திருந்தால் ‘திடீர்’ என்ற வாதமே நின்றிருக்காது. நல்லவேளை, கவாத்துக் கத்தி கைக்கு எட்டவில்லை. அதால் வெட்டியிருந்தால் ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்று 326 ஆகியிருக்கும்; அதில் சமரசத்துக்கே இடமில்லை.

335க்குப் பதில் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 122(2) பொருந்தும் என்றவர்களுக்கு: அது 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குத்தான்.

எதிர்பாராதது இது: குற்றச்சாட்டு 335 ஆக மாறியதும் பெரியவரே சமரசத்துக்கு வந்தார். 325 என்றால் அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். 335க்கு அடிபட்டவர் சம்மதமே போதும். சமரசம் விடுதலைக்குச் சமம். சிகிச்சைச் செலவைக் கொடுத்துவிட்டோம். வரப்பை இன்னும் அளக்கவில்லை.