அனுபவப் பகிர்வு: குடிதண்ணீரில் ஈயம் பார்க்கச் சொல்லி வீடு வீடாகப் போனவர்கள் எழுதுங்கள்

கன்னங்குறிச்சிப் பொண்ணு:
ரெண்டு மாசமா உறுத்திட்டே இருக்கு, எழுதிடறேன். எங்க தெரு நலச்சங்கத்துல வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணியை ஈயத்துக்கு டெஸ்ட் பண்ண முடிவாச்சு. பாட்டில் குடுத்து விவரம் சொல்றது என் வேலை. ராத்திரி முழுக்கக் குழாயைத் தொடக் கூடாது, விடிஞ்சதும் வர்ற முதல் ஒரு லிட்டரை அப்படியே பிடிக்கணும். ராத்திரி பூரா குழாய்ல நின்ன தண்ணிலதான் ஈயம் இறங்கியிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சதுதான். கிளிப்பிள்ளை மாதிரி எல்லா வீட்லயும் ஒப்பிச்சுட்டு வந்தேன்.

கடைசி வீட்டுப் பாட்டி தனியா இருக்காங்க. மறுநாள் காலைல போனா, பாட்டிலைத் தட்டுல வெச்சு ரெண்டு கையாலயும் நீட்டறாங்க, தாம்பூலம் குடுக்கற மாதிரி. தொட்டா இளஞ்சூடு. "குழாயை நல்லாத் திறந்துவிட்டு, வெள்ளைத்துணில வடிகட்டி, கொதிக்க வெச்சு ஆத்துனேன் கண்ணு. பாட்டிலையும் சீயக்காய் போட்டுக் கழுவிட்டேன். நாலு பேர் பாக்கற எடத்துக்குப் போற தண்ணி, ஏனோதானோன்னு குடுக்க முடியுமா?"

நான் வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கணும். "ஐயோ பாட்டி, இது செல்லாது"ன்னுட்டேன். தட்டைப் பிடிச்ச கை அப்படியே நிக்குது. "எங்க வீட்டுத் தண்ணி செல்லாதா?" எதிர்வீட்ல கோலம் போட்டுட்டு இருந்தவங்க வேற நிமிர்ந்து பாத்தாங்க. அந்தத் தட்டு இன்னும் கண்ணுலயே நிக்குது.

செவ்வாய்ப்பேட்டை மாப்ள:
உங்களுக்குத் தட்டு, எனக்குச் சொம்பு. எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல "குடிநீரில் ஈயம்: உடல்நலத்துக்கு ஆபத்து"ன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா மாமியாரோட ஈயச் சொம்பைக் காணோம். அவங்க அம்மா சீர்ல குடுத்தது. பழைய பாத்திரக்காரர்கிட்டப் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி வெச்சிருக்காங்க. "நாப்பது வருசமா உங்களுக்கெல்லாம் விசத்துல ரசம் வெச்சுப் போட்டிருக்கேனே மாப்ள"ன்னு கண்ணு கலங்கறாங்க. ரசச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். தண்ணில தேடறது காரீயம், அதாவது லெட், விசம் அதுதான். ரெண்டையும் ஈயம் ஈயம்னே சொல்லிப் பழகிட்டோம். நோட்டீஸ்ல "கா" ஒண்ணு சேர்த்திருந்தா சொம்பு பிழைச்சிருக்கும்.

நோட்டீஸ் எழுதினது நான்தான். வீட்ல இன்னும் சொல்லலை.

பாத்திரக்கடைக்காரன்:
மாப்ள சார், அழாதீங்க. அந்தச் சொம்பு சுத்த வெள்ளீயம்னு உங்களுக்கு யார் சொன்னது? வெள்ளீயம் விலை காரீயத்தைவிடப் பல மடங்கு. அதனால கலப்படம் ஆதி காலத்துல இருந்தே உண்டு. எங்க கடைக்கே ஒரு அம்மா எடுத்துட்டு வந்தாங்க, வெள்ளைப் பேப்பர்ல ஒரு தேய் தேய்ச்சேன், பென்சில்ல கிறுக்குன மாதிரி கருப்பா கோடு விழுந்துச்சு. அவங்க என்னையத்தான் திட்டிட்டுப் போனாங்க.

சரி, எல்லாரும் கேட்டுக்கங்க. காரீயம் கனம் அதிகம், நகத்தால கீறினாலே தடம் விழும். வெள்ளீயக் கம்பியை வளைச்சா காதுகிட்ட முறுமுறுன்னு ஒரு சத்தம் வரும், காரீயத்துல வராது. ஆனா இதெல்லாம் கடைக்காரன் கைப்பழக்கம், கொஞ்சமா கலந்திருந்தா இதுல சிக்காது. புளித்தண்ணி காரீயத்தைக் கரைக்கும், அதனால சந்தேகமான சொம்புல ரசம் வெக்காதீங்க. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் குடுத்தாலும் பக்கத்துல நின்னு, என்ன கட்டி உருக்கறார்னு கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கிட்டா பாத்திரத்தை வாங்கிட்டு வந்துடுங்க. வெறும் ஈயச் சொம்பை அடுப்புல வெக்காதீங்க, உருகி ஓடிடும். இது தெரியும்தானே?

கன்னங்குறிச்சிப் பொண்ணு:
அண்ணா, இது தண்ணி பத்தின இழை.

சூரமங்கலம் ரிட்டயர்டு:
நானும் ஒரு பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன்தான், அதனால் எழுதுகிறேன். இதெல்லாம் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரக் கதை. 2014இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கவில்லை, பழைய ஈயக் குழாய்கள் கரைந்தன. நமக்கு வருவது மேட்டூர்க் காவிரி. இங்கே ஈயக் குழாய் எங்கே இருக்கிறது? என் வீட்டில் ஆர்ஓ இருக்கிறது, தண்ணீரின் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 60 காட்டுகிறது. அதையே அந்தப் பெண்ணிடம் காட்டினேன். பாவம், ஏதோ சொல்ல வந்தாள், நான் கதவைச் சாத்திவிட்டேன். அது மட்டும் கொஞ்சம் சரியில்லை.

ஏற்காட்டுக்காரன்:
சூரமங்கலம் ஐயா, அந்தப் பொண்ணு என்ன சொல்ல வந்துச்சுன்னு நான் சொல்றேன். இருபது கொண்டை ஊசி ஏறி வந்தா எங்க வீடு, தாத்தா காலத்துக் கட்டடம். தண்ணி ஊற்றுத் தண்ணி, மீட்டர் வெச்சா 40. ருசின்னா ருசி. கிராமத்துக்கு வர்ற சோதனைப் பெட்டியில குளோரைடு, நைட்ரேட், இரும்பு எல்லாம் பாத்தாங்க, எல்லாம் நல்லது. ஈயம் அந்தப் பெட்டியில இல்லவே இல்லை. தனியா லேபுக்குக் குடுத்தேன். விடிகாலை முதல் பாட்டில்ல லிட்டருக்கு 0.034 மில்லிகிராம். குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 சொல்ற எல்லை 0.01, அதுக்கு மேல தளர்வே கிடையாது. குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு எடுத்த ரெண்டாவது பாட்டில்ல ஒண்ணும் இல்லை. அப்ப ஊற்று மேல தப்பில்லை. ராத்திரி பூரா தண்ணி தூங்கற பித்தளை டேப்பும் பத்த வெச்ச இணைப்பும்தான், அதுல கலந்திருக்கற ஈயம்தான் இறங்குது. எங்க தண்ணி லேசா அமிலத்தன்மை, பிஎச் 6.2, உலோகத்தை அரிக்கும்.

சொல்ல வந்தது இதில்லை. வீட்டைப் பாத்துக்கற குடும்பம் பின்கட்டுல இருக்காங்க, அவங்களுக்கும் அதே டேப். ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போறேன், அந்தத் தங்கச்சி பால் பவுடர் கலக்கிட்டு இருக்கு, இடுப்புல ஒரு வயசுக் குழந்தை. நான் 0.034, 0.01னு சொல்லிட்டே போறேன். "நம்பர் கெடக்கட்டுங்ணா. இத்தன நாளு இவனுக்குக் குடுத்தனே?" அவ்வளவுதான் கேட்டுச்சு. பால் பாட்டில் மூடியைத் திருகுது, இறுகினப்புறமும் திருகிட்டே இருக்கு. டேப்பை மாத்தலாம், செலவு இவ்வளவுன்னு எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்தேன். இதுக்கு இல்லை.

குழந்தையைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் குடுத்தோம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டா கவனிக்கணும்ங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. அதுக்குக் கீழதான் வந்துச்சு. டேப்பும் மாத்தியாச்சு. அந்தத் தங்கச்சி இன்னமும் குடத்தைத் தூக்கிட்டு ஊத்துக்கேதான் போகுது.

லேப்ல இருக்கேன்:
என் அனுபவம் ஒரு வரி: ரிப்போர்ட் வாங்க வர்ற பத்துல எட்டுப் பேர் "பாஸா, ஃபெயிலா?"ன்னுதான் கேப்பாங்க.

சூரமங்கலம் சார், ஈயக் குழாய் இல்லைங்கறது பதிலே இல்லை. பிவிசி குழாய் தயாரிக்கும்போது சூட்டுல கெடாம இருக்க ஈய உப்பு சேர்ப்பாங்க. அதைக் கட்டுப்படுத்த விதி வந்ததே 2021லதான். உங்க சுவத்துக்குள்ள இருக்கறது எந்த வருசத்துக் குழாய்? மீட்டர் மொத்த உப்பைத்தான் அளக்கும், அதுவும் 60, 61னு முழு எண்ணா. அதுல ஒண்ணுன்னா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், ஈயத்தோட எல்லை அந்த ஒண்ணுல நூத்துல ஒரு பங்கு. அதுல எப்படித் தெரியும்? உங்க ஆர்ஓ ஈயத்தைப் பிடிக்கும், அது உண்மை, ஃபில்டரை ஒழுங்கா மாத்தினா. ஆனா சோறு வடிக்கவும் ஆர்ஓ தண்ணிதானா, இல்லை சிங்க் குழாயா? வீட்ல கேட்டுப் பாருங்க.

காய்ச்சினா ஈயம் போகாது. தண்ணிதான் ஆவியாகும், ஈயம் அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். அவசரம்னு கீசர் தண்ணில காப்பி போடாதீங்க, சுடுதண்ணி அதிகமா கரைச்சுட்டு வரும். காலைல முதல் தண்ணியைச் செடிக்கு விட்டுட்டு அப்புறம் குடிக்கப் பிடிங்க. குழாய் வாய்ல இருக்கற சல்லடையைக் கழட்டித் தட்டுங்க, துகள் அங்கதான் சிக்கும். சாம்பிள் எடுக்கும்போது மட்டும் கழட்டாதீங்க. சில லேப்ல பாட்டிலுக்குள்ளயே ரெண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவாங்க, ஈயம் பாட்டில் சுவத்துல ஒட்டாம இருக்க. அதைச் சீயக்காய் போட்டுக் கழுவினா கை வெந்துடும். பாட்டி தப்பிச்சாங்க.

கன்னங்குறிச்சி மேடம், "கழுவாதீங்க"ன்னு மட்டும் சொன்னா யாருக்கும் ஏறாது. "நீங்க தூங்கி எழுந்து அரைத் தூக்கத்துல என்ன குடிப்பீங்களோ அதைக் குடுங்க"ன்னு சொல்லியிருக்கணும்.

சூரமங்கலம் ரிட்டயர்டு:
வீட்டில் கேட்டேன். சிங்க் குழாயாம்.

செவ்வாய்ப்பேட்டை மாப்ள:
பாட்டி வீட்டு ரிசல்ட் என்னாச்சு?

கன்னங்குறிச்சிப் பொண்ணு:
மறுபடி புது பாட்டில் குடுத்துட்டு, மறுநாள் அஞ்சரைக்கே போய் நானே கூட நின்னேன். காப்பிகூடக் குடிக்காம எனக்காக உக்காந்திருந்தாங்க. நான் குழாயைத் திறக்கறப்ப, "இதுலயா பிடிக்கற, கொஞ்சம் விட்டுட்டுப் பிடி கண்ணு"ன்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாங்க. ரிப்போர்ட்ல ஈயம் கண்டறியும் அளவுக்குக் கீழ. எதிர்வீட்டு அம்மா வாசல்ல நிக்கற நேரமாப் பாத்துப் போய், கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

"அதான் முதல்லயே காய்ச்சிக் குடுத்தனே"ன்னாங்க.