மின்னலில் பழுதான ரவுட்டர் அட்டையை மாற்றுதல்: சிஸ்கோ 2911 பற்றிய ஒரு கேள்வி

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவு அமைப்பின் தலைமை அலுவலகத்தில் கணக்கு வேலையோடு கணினி வேலையையும் நானே பார்த்து வருகிறேன். எங்களிடம் உள்ள சிஸ்கோ 2911 ரவுட்டரின் 1 ஆம் இலக்கத் துளையில் நான்கு போர்ட் கொண்ட எச்விக் (ரவுட்டரின் துளையில் செருகும் சிறு அட்டை வகை) சுவிட்ச் அட்டை ஒன்று இருக்கிறது. ஒக்டோபரில் ஒரு மாலை இடியுடன் மழை பெய்த பிறகு அதன் மூன்று போர்ட்களில் விளக்கு எரிவதில்லை; நான்காவது போர்ட் விட்டு விட்டு வேலை செய்கிறது. ரவுட்டரின் மற்றப் பகுதிகள் வழமைபோல் இயங்குகின்றன. 2 ஆம் துளையில் தொலைபேசி இணைப்புகளுக்கான எஃப்எக்ஸ்ஓ அட்டையும் உண்டு, அதில் குறை எதுவும் தெரியவில்லை.

கொழும்பில் பாவித்த உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடையில் மாற்று அட்டையை வாங்கி, இரவு பஸ்ஸில் எடுப்பித்தேன். வெறும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். முறிகண்டியில் விற்கும் கச்சானுக்குக் கிடைக்கும் மரியாதைகூட அதற்குக் கிடைக்கவில்லை.

இங்கு முன்பு வேலை செய்த அண்ணா ஒருவர், ரவுட்டரை நிறுத்தத் தேவையில்லை, அட்டையை இழுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் போதும் என்கிறார். அலுவலகம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படிச் செய்யலாமா? உடம்பில் தேங்கும் நிலைமின் அட்டையைத் தாக்காமல் கையில் கட்டும் பட்டி கட்டாயமா? மூன்று கிளைகள் இந்த ஒரு ரவுட்டரை நம்பியிருப்பதால், தொட்டபின் முழுவதும் நின்றுபோய்விடுமோ என்ற பயம்தான் எனக்கு அதிகம்.

பதில் 1 (வவுனியாவிலிருந்து)

ஓடிக்கொண்டிருக்கும் 2911 இலிருந்து எச்விக் அட்டையை இழுக்காதீர்கள். 2800, 2900 வரிசை ரவுட்டர்களில் எச்விக் அட்டைகளையும் அவற்றின் அடுத்த தலைமுறையான ஈஎச்விக் அட்டைகளையும் மாற்றுமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. மின்சாரம் இருக்கும்போது இழுத்தால் அட்டை மட்டும் போவதோடு நிற்காமல், அது செருகப்பட்டிருந்த தாய்ப்பலகையும் பழுதாகலாம். அட்டைக்கு மாற்று வாங்கலாம், தாய்ப்பலகை போனால் ரவுட்டரையே வாங்க வேண்டும்.

நிறுத்துவது என்றால் ரவுட்டரின் ஆளியை அணைத்து, மின்வடத்தையும் கழற்றுவது. எங்கள் பக்கத்து அலுவலகங்களில் இதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள்: சுவரிலுள்ள ஆளியை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள், ஆனால் ரவுட்டர் யூபிஎஸ் இலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். விசிறியின் சத்தம் நின்று, முன்பக்க விளக்குகள் எல்லாம் அணைந்ததை உங்கள் கண்ணாலும் காதாலும் உறுதிசெய்யுங்கள். எஃப்எக்ஸ்ஓ அட்டைக்கு வரும் தொலைபேசிக் கம்பிகளையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள். ரவுட்டருக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் அந்தக் கம்பிகளில் 48 வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் நிற்கும். அந்த வேளையில் யாராவது அழைப்பு எடுத்தால் மணியடிக்கும் மின்னழுத்தம் 90 வோல்ட் வரை ஏறும். ஆளைக் கொல்லாவிட்டாலும், கையை உதறவைத்து அட்டையைக் கீழே போடச்செய்ய அது போதும். வானம் இருட்டியிருக்கும் மாலையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பட்டி பற்றிக் கேட்டீர்கள். நமக்கு உடம்பில் ஒரு சுரீரென்று தெரிய ஏறத்தாழ 3000 வோல்ட் நிலைமின் வேண்டும், ஆனால் சில சில்லுகள் 100 வோல்ட்டிலேயே பழுதாகிவிடும், ஆகவே “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்பது சான்றாகாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில், நாவே வறண்டுபோகும் அந்த உலர்ந்த காற்றில், இந்த ஆபத்து இன்னும் கூடும். பட்டியைக் கையில் கட்டி, மறுமுனையை ரவுட்டர்ப் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியில் கவ்வச் செய்யுங்கள். உங்கள் உடம்பும் பெட்டியும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதுதான் இங்கு முக்கியம், ஆகவே மின்வடத்தைக் கழற்றிய பின்னும் பட்டி தன் வேலையைச் செய்யும். பெட்டியின் புவித்தொடுப்புத் திருகாணியில் தனிக் கம்பி இணைத்திருந்தால் அதை அப்படியே விடுங்கள். பட்டி கிடைக்காவிட்டால், வேலை முடியும்வரை ஒரு கையின் மணிக்கட்டுப் பகுதியாவது பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டபடி இருக்கட்டும். நல்ல பட்டியில் 1 மெகாஓம் தடை ஒன்று உள்ளே இருக்கும். தவறிப்போய் 230 வோல்ட் பட்டாலும் 0.23 மில்லிஅம்பியருக்கு மேல் அதனூடாகப் பாயாது. சிலர் சாதாரணச் செப்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்கிறார்கள். அது பாதுகாப்புக்குப் பதிலாக ஆபத்தையே கொண்டுவரும்.

அட்டையின் முன்தகட்டிலுள்ள இரண்டு திருகாணிகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, முன்தகட்டைப் பிடித்து நேராக இழுங்கள். பொன்னிறத் தொடுபற்களைத் தொடாதீர்கள். புதியதைச் செருகும்போது இரு பக்கத் தண்டவாளத்திலும் ஓரங்கள் சரியாக ஏறியுள்ளனவா என்று பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்; கடைசி அரை அங்குலத்தில் ஒரு இறுக்கம் தெரியும், அங்கு அட்டை அமர்ந்துகொள்ளும். அது அமருமுன் திருகாணியை முறுக்கி உள்ளே இழுக்க முயன்றால் தொடுபற்கள் வளைந்துவிடும்.

வெறுமையான துளைகள் இருந்தால் மூடித்தகடு போடுங்கள். காற்றோட்டத்துக்கு அது அவசியம் என்பது ஒரு காரணம். மூடாமல் விட்ட துளைக்குள் குளவி கட்டிய மண்கூட்டை மாங்குளத்தில் ஒரு ரவுட்டரிலிருந்து நானே சுரண்டி எடுத்திருக்கிறேன் என்பது மற்றக் காரணம்.

பதில் 2 (முல்லைத்தீவிலிருந்து)

மேலே சொல்லப்பட்டவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் இந்த வேலையில் கையால் செய்வது பத்து நிமிடம்தான், ரவுட்டர்கள் பெரும்பாலும் சிக்கலில் விழுவது அணைப்பதற்கு முன் பார்க்காமல் விட்டவற்றால்தான். நீங்கள் பயப்படுவது சரியான இடத்தில்தான்.

முதலில், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைவை, அதாவது ரவுட்டர் எப்படி இயங்கவேண்டும் என்று இட்ட கட்டளைகளின் தொகுப்பை, சேமியுங்கள். பல மாதங்களாக யாரோ இட்ட கட்டளைகள் நினைவகத்தில் மட்டும் இருந்து, அணைத்தவுடன் காற்றில் போயிருப்பதைக் கண்டிருக்கிறேன். சேமித்த அமைவின் பிரதியொன்றைக் கணினியிலும் வையுங்கள். அடுத்து, ‘ஷோ வேர்ஷன்’ கட்டளையின் கடைசி வரியைப் பாருங்கள். ரவுட்டர் எப்படி எழும்பவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைவுப் பதிவேட்டின் எண் 2102 என்று முடிந்தால் நல்லது. 2142 என்று முடிந்தால், சேமித்த அமைவைப் படிக்காமலேயே ரவுட்டர் எழும்பும். எப்போதோ யாரோ கடவுச்சொல்லை மீட்டுவிட்டு அதைத் திருப்பி மாற்ற மறந்திருப்பார்கள். ஃபிளாஷ் நினைவகத்தில் ஐஓஎஸ் (ரவுட்டரின் இயக்க மென்பொருள்) கோப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் வருடக்கணக்கில் அணைக்காத ரவுட்டரில் அந்தக் கோப்பை யாராவது அழித்திருந்தாலும் மறுதடவை எழும்பும்வரை தெரியவராது.

இன்னொன்று: பழைய அட்டையைக் கழற்றிவிட்டு, புதியதைச் செருகாமல் ரவுட்டரை எழுப்பிப் பார்த்தால், ஓடும் அமைவில் அந்த நான்கு போர்ட்களின் வரிகள் இருக்கமாட்டா. அதுவரைக்கும் தீங்கில்லை, சேமித்த அமைவில் அவை அப்படியே இருக்கும். ஆனால் அந்த நிலையில் பழக்கதோஷத்தில் ‘ரைட் மெமரி’ (ஓடும் அமைவைச் சேமிக்கும் கட்டளை) கொடுத்தீர்களானால் அவை நிரந்தரமாகப் போய்விடும். எல்லாப் போர்ட்களும் கண்ணுக்குத் தெரியும்வரை சேமிக்காதீர்கள்.

புதிய அட்டையின் முன்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது?

கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. பழையதில் ‘எச்விக்-4ஈஎஸ்டபிள்யூ’ என்றும், புதியதில் ‘ஈஎச்விக்-4ஈஎஸ்ஜி’ என்றும் இருக்கிறது. இரண்டும் நான்கு போர்ட் என்பதால் ஒன்றுதான் என்று கடையில் சொன்னார்கள்.

பதில் 2 (மீண்டும்)

துளைக்குப் பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் ஒன்றல்ல. பழையது நூறு மெகாபிட் அட்டை, புதியது கிகாபிட் அட்டை. ஆகவே இதுவரை ‘ஃபாஸ்ட்-ஈதர்நெட் 0/1/0’ என்று இருந்த போர்ட் இனி ‘கிகாபிட்-ஈதர்நெட் 0/1/0’ என்ற பெயரில் வரும். சேமித்த அமைவில் உள்ள பழைய பெயர்களை ரவுட்டர் அடையாளம் காணாமல் எழும்பும்போது தள்ளிவிடும். எந்தப் போர்ட் எந்த வீலானுக்கு (வலையமைப்பின் தனித்தனிப் பிரிவு) உரியது என்பதையெல்லாம் நீங்கள் திரும்ப எழுத வேண்டும். அந்த வரிகளை இப்போதே ஒரு கோப்பில் எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, ஒட்டத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐஓஎஸ் பதிப்பு இந்த அட்டையை ஏற்குமா என்பதையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும், பழைய பதிப்புகள் அதை அறியாதவை. புதிய அட்டையை 1 ஆம் துளையிலேயே போடுங்கள், துளை மாறினால் எண்ணும் மாறும்.

பதில் 3 (மல்லாவியைச் சொந்த இடமாகக் கொண்டவர், கொழும்பில் தரவு மையமொன்றில் பணி)

அந்த அண்ணா சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும், அவர் வேறு ரவுட்டர்களில் அப்படிச் செய்து பழகியிருப்பார். சிஸ்கோ 7200 இல் போர்ட் அட்டைகளை ஓட்டத்திலேயே மாற்றலாம். ஜூனிப்பர் எம்எக்ஸ் ரவுட்டர்களிலும் அட்டையை ஓட்டத்தில் எடுக்கலாம், ஆனால் முதலில் அதைக் கட்டளையாலோ அதற்குரிய பொத்தானை அழுத்திப்பிடித்தோ ஓய்வுக்குக் கொண்டுவந்து, விளக்கு அணைந்தபின்தான் நெம்பைத் திறப்போம். சிஸ்கோ 4000 வரிசையிலும் ‘நிம்’ எனப்படும் அதன் செருகு அட்டையை நிறுத்துவதற்கென்று தனிக் கட்டளை உண்டு. உங்கள் 2911 இல் எச்விக் துளைகளுக்கு அந்த வசதி இல்லை. எஸ்எஃப்பி போன்ற ஒளியிழைச் செருகிகள் மட்டும் எங்கும் ஓட்டத்தில் மாற்றக்கூடியவை, அதைப் பார்த்தும் சிலர் எல்லாம் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறார்கள்.

கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்தது. அணைக்குமுன் ‘ஷோ வேர்ஷன்’ கொடுத்தேன்: கடைசி வரியில் 2142 இருந்தது. நீண்ட மின்வெட்டு வந்து யூபிஎஸ்ஸும் அடங்கிப்போகும் ஒவ்வொரு தடவையும் முன்பிருந்த அந்த அண்ணா அரை மணிநேரம் ரவுட்டரின் முன் உட்கார்ந்து “எழுப்பிவிடுவார்”. அது ரவுட்டரின் இயல்பு என்றே அலுவலகம் நம்பியிருந்தது. பதிவேட்டை 2102 ஆக்கிச் சேமித்துவிட்டு அணைத்தேன். ஐஓஎஸ் பதிப்புப் போதுமானதாக இருந்தது. அட்டை அமரும்போது நீங்கள் சொன்ன அந்தக் கடைசி அரை அங்குல இறுக்கம் விரலுக்குத் தெரிந்தது. எழும்பியபின் தயாராக வைத்திருந்த வரிகளை ஒட்டினேன், நான்கு போர்ட்களிலும் பச்சை விளக்கு வந்த பிறகே சேமித்தேன். பழைய அட்டையைப் புதியது வந்த பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டேன்.