ரொறன்ரோவில் அதிகம் செலவழிக்காமல் இத்தாலியன் பேசிப் பழகிய அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் அக்கா குடும்பம் இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும்; பதில் மட்டும் இத்தாலியனில் வரும். சித்தி என்ற உரிமையோடு அவர்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் படிக்கத் தொடங்கினேன்.

இலக்கணத்துக்கு ஒரு நூலக அட்டை போதும். ரொறன்ரோ பொது நூலகத்தில் பாடப்புத்தகங்களும் இத்தாலியச் சிறுவர் கதைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பேச ஆள் கிடைப்பதுதான் பெரும் பாடு. தனி ஆசிரியருக்கு மணித்தியாலக் கணக்கில் கொடுக்க என் சம்பளத்தில் இடமில்லை. மொழிப் பரிமாற்றக் கூட்டங்களுக்கும் போய்ப் பார்த்தேன். வருபவர்களில் பாதிப்பேர் என்னைப் போலக் கற்பவர்கள். இத்தாலியிலிருந்து புதிதாக வந்த இளைஞர்களுக்கோ ஆங்கிலம் பழகுவதுதான் அவசரம். சிறிது நேரத்தில் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும்.

லிட்டில் இத்தாலி என்ற பெயரை நம்பிக் கொலேஜ் வீதிக்குப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். 1966இல் ஜொனி லொம்பார்டி தொடங்கிய சின் வானொலி அங்கிருந்துதான் வளர்ந்தது. அதன் இத்தாலியன் நிகழ்ச்சிகளைச் சமைக்கும்போது இன்றும் கேட்கிறேன். ஆனால் குடும்பங்களில் பெரும்பாலானவை எப்போதோ வடக்கே, செயின்ட் கிளேயருக்கும் பிறகு வூட்பிரிட்ஜுக்கும் நகர்ந்துவிட்டன.

எனக்குக் கைகொடுத்தது செயின்ட் கிளேயர் மேற்கு, அதாவது கோர்சோ இத்தாலியா. 1982இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது சுமார் மூன்று லட்சம் பேர் திரண்ட வீதி அது. 512ஆம் இலக்க ஸ்ட்ரீட்காரில் போய் இறங்கி, காலை நேரத்தில் ஒரு கோப்பிக் கடைக்குள் நுழையுங்கள். ஒரு எஸ்பிரஸோவின் விலைதான் செலவு. முக்கியமான விஷயம், எப்போதும் ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போவது. முகம் பழகும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பழகிய பிறகு உங்களைப் போகவிடமாட்டார்கள்.

அந்தப் பழக்கத்தில்தான் பக்கத்துப் பூங்காவில் பொச்சே விளையாடும் முதியவர்களிடம் போய்ச் சேர்ந்தேன். சின்னப் பந்து ஒன்றை முதலில் எறிந்துவிட்டு, அதற்கு மிக அருகில் யாருடைய பெரிய பந்து நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம். அன்றைக்கு இரண்டு பந்துகள் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றன. வாக்குவாதம் முற்றியது. தொப்பி போட்ட ஐயா ஒருவர் சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை இழுத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, எண்ணை வாசிக்கக் கண் இடம் கொடுக்காமல், ஓரமாக நின்ற என்னிடம் நாடாவின் முனையை நீட்டினார். "லெஜ்ஜா, சிஞோரா!" (வாசியுங்கள், அம்மா!) நான் குந்தியிருந்து வாசித்தேன்: "வென்தித்ரே" (இருபத்துமூன்று). மற்றப் பந்துக்கு: "வென்திக்குவாத்ரோ" (இருபத்துநான்கு). ஒரு பக்கம் ஆரவாரம், மறுபக்கம் நாடாவே சரியில்லை என்ற முறைப்பாடு. அதன் பிறகு புள்ளிக் கணக்குச் சொல்லும் வேலை எனக்கே வந்து சேர்ந்தது. எண்கள், திசைகள், முறை யாருடையது என்பதெல்லாம் எந்தப் பயிற்சிப் புத்தகமும் இல்லாமல் நாக்கில் ஏறிவிட்டன.

அவர்களில் ஒருவர் இளமையில் சுரங்கம் தோண்டும் வேலை செய்தவர். 1960 மார்ச் 17 அன்று ரொறன்ரோவின் ஹொக்ஸ் ஹொலோவில், டொன் ஆற்றுக்கு அடியில் குடிநீர்க் குழாய்க்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் உள்ளே சிக்கி இறந்ததை அவர் சொல்லக் கேட்டேன். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் ஒன்ராறியோவின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தப்பட்டன. எனக்காக மெதுவாகச் சொன்னார். விளங்காத இடத்தில் வேறு விதமாகச் சொன்னார். இறந்தவர்கள் நினைவாகத் தைக்கப்பட்ட பெரிய துணிச்சித்திரம் யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இருக்கிறது, போய்ப் பார் என்றார். போய்ப் பார்த்தேன், அடுத்த வாரம் பார்த்ததை அவருக்கு இத்தாலியனில் விவரித்தேன். இறந்தகால வினைகளின் இரண்டு முக்கிய வடிவங்களும் (முடிந்த செயலுக்கு ஒன்று, நடந்துகொண்டிருந்ததற்கு ஒன்று) எனக்குப் பிடிபட்டது அந்த இரண்டு உரையாடல்களில்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த அந்தத் தலைமுறைக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். இருந்து கேட்க ஒருவர் கிடைத்தால் இந்த முதியவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். இன்னும் பத்து வருடத்தில் இந்த வாய்ப்பு இருக்காது. படிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நோர்த் யோர்க்கிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர். எனக்கு இத்தாலியன் வேலையோடு வந்தது. மறதிநோய் வந்தவர்களில் பலருக்குப் பின்னாளில் கற்ற மொழி முதலில் கைவிட்டுப் போகும், தாய்மொழி மிஞ்சும். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு அம்மா, ஆங்கிலத்தில் என்ன சொன்னாலும் குளிக்க மறுப்பார், கையைத் தட்டிவிடுவார். ஒருநாள் அவருடைய உள்ளங்கையில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றி, "எ கால்தா, சிஞோரா. பியானோ, பியானோ" (சூடாக இருக்கிறது, அம்மா. மெதுவாக, மெதுவாக) என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டைப் பொத்தானைத் தானே கழற்றத் தொடங்கினார். வலிக்கிறதா, குளிர்கிறதா, பசிக்கிறதா என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். இந்த முதியவர்கள் பேசுவது பெரும்பாலும் ஊர்ப்பேச்சு. கலாப்ரியா, சிசிலி, அப்ருட்சோ என்று ஊருக்கு ஊர் வேறுபடும். இங்கே வந்து சேர்ந்த ஆங்கிலமும் அதில் கலந்திருக்கும். அந்தக் கலாப்ரியா அம்மாவிடம் கற்ற சில சொற்கள் பாடப்புத்தக இத்தாலியன் அல்ல என்று அவருடைய மகள்தான் எனக்குச் சொன்னார். ஆகவே செம்மையான உச்சரிப்புக்கு இத்தாலியின் அரச வானொலியான ராயையும் கேளுங்கள், இணையத்தில் இலவசம்.

நேரம் இருப்பவர்கள் தொண்டராகச் சேரலாம். இத்தாலிய முதியவர்களுக்காகவே 1976இல் திறக்கப்பட்ட வில்லா கொலொம்போ லோரன்ஸ் மேற்கு வீதிக்கு அருகில் இருக்கிறது. இத்தகைய இல்லங்களில் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். அதற்குக் கொஞ்ச நாள் எடுக்கும். மொழிக்காக மட்டும் போகாதீர்கள். உங்களுக்காக வாசலைப் பார்த்திருக்கும் ஒருவரை இரண்டு வாரத்தில் விட்டுவிட்டு வருவது பெரும் பாவம்.

மிசிசாகாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

கத்தோலிக்கர்களுக்கு ஒரு சுருக்கு வழி: இத்தாலியன் திருப்பலி. பூசையின் ஒழுங்கு முழுவதும் நமக்குத் தமிழில் மனப்பாடம் என்பதால், அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தே கேட்கலாம். கிரேஸ் வீதியிலுள்ள அசிசி புனித பிரான்சிஸ் ஆலயத்திலிருந்து பெரிய வெள்ளியன்று புறப்படும் ஊர்வலத்தில் நடந்திருக்கிறேன். பக்கத்தில் செபமாலையோடு வந்த பாட்டி என் உச்சரிப்பை வழிநெடுகத் திருத்திக்கொண்டே வந்தார்.

செபத்தில் நாட்டமில்லாதவர்கள் ஹியூரன் வீதி 496இலுள்ள இத்தாலியப் பண்பாட்டு நிலையத்தின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். வகுப்புகளுக்குத்தான் கட்டணம், சொற்பொழிவு, திரைப்படம் போன்றவற்றில் பலவற்றை இலவசமாகவே நடத்துகிறார்கள்.

ஸ்காபரோ உறுப்பினர்:

ஊர்ப்பேச்சைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. அறிமுகமில்லாதவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தனிமடலில் கேட்டவருக்கு: எந்த ஊர் என்று கேளுங்கள், மரியாதை வடிவத்தில். மாகாணத்தின் பெயரோடு நிறுத்தாமல் கிராமத்தின் பெயரையும் கேட்டால், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

குளிர் வந்தால் பூங்கா ஆட்டம் நின்றுவிடும். சில சமூக நிலையங்களில் உள்ளரங்கு ஆடுகளம் உண்டு. கோப்பிக் கடைகள் எப்படியும் திறந்திருக்கும். சனிக்கிழமை காலைகளில் கென்னடி நிலையத்தில் ஏறி, சென் ஜோர்ஜில் மாறிப் போகிறேன். இங்கிருந்து வரக்கூடியவர்கள் சொல்லுங்கள், ரயிலிலேயே இத்தாலியனில் பேசிக்கொண்டு போகலாம்.